வினோதினி சேர்ந்த காலேஜ்

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்க தாயி. எனக்கு ஓரம் போதும். பஸ்ல வேற சீட்டு இல்ல, பொம்பளப்புள்ள பக்கத்துல வந்து உக்காந்துட்டானேன்னு தப்பா நெனைக்காத. நாப்பத்திரெண்டு நாளு சிமிண்டுத் தரையில படுத்ததுல முட்டி போயிருச்சு, நின்னுக்கிட்டு வர முடியல. எங்க படுத்தேன்னு பாக்குறியா? ஜெயில்லதான். இதுல மறைக்க என்ன இருக்கு? உன் மடியில இருக்குற புத்தகத்தப் பாத்தேன், அட்டையில தராசு போட்டிருக்கு, அதான் தைரியமாச் சொல்றேன். வக்கீலுக்குப் படிக்கிறவதான? முதல் வருசமா? தலைய ஆட்டுற. நல்லது.

என் தங்கச்சி வினோதினிக்கும் உன் வயசுதான் இருக்கும். எனக்கும் அவளுக்கும் பதினாறு வருசம் வித்தியாசம். எங்கப்பா செத்தப்ப அவளுக்கு நாலு வயசு. நாந்தான் தூக்கி வளத்தேன். அஞ்சாப்பு படிக்கையில ஒரு வாத்தியாரு அவள முட்டி போட வச்சுட்டாரு. நேரா கிளாசுக்குள்ள போனேன், எல்லாப் புள்ளைகளும் பாக்க அந்தாளு கன்னத்துல ரெண்டு வச்சேன். மூக்குல ரத்தம் வந்துருச்சு. அன்னையிலருந்து ஒரு வாத்தியாரும் அவகிட்ட ஒரு கேள்வி கேக்கலையே! அம்புட்டுப் பாசம் எனக்கு அவ மேல.

எங்க ஊரு அருப்புக்கோட்டைப் பக்கம். ரெண்டு டிராக்டரு வச்சு ஓட்டுறேன். ஊருக்குள்ள என்னையக் கோவக்காரன்னு சொல்லுவாய்ங்க. நீ நம்பாத. எனக்குக் கோவமே வராது. அவய்ங்கதான் வர வைக்கிறாய்ங்க. என் பொண்டாட்டி கூட அப்பிடித்தான். குழம்புல உப்பு இல்லன்னு சொன்னேன், சும்மா சொன்னேன், சட்டிய எடுத்து செவுத்துல அடிச்சேனே தவிர அவ மேல அடிக்கல. அதுக்குப் பொட்டியத் தூக்கிக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. ஏன் போனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. சரி, அவ கதைய விடு.

வினோதினி காலேஜுல பி.ஏ. இங்கிலீஷு, மூணாம் வருசம். போன மார்கழியில ஒரு நாளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், வந்து பக்கத்துல உக்காந்தா. "அண்ணே, டிகிரி முடிச்சுட்டு பி.எட். போகவா, இல்ல லா போகவா? லா எனக்குச் சரியா வருமான்னு தெரியலண்ணே"ன்னா. எனக்கு சோறு எறங்கல, அம்புட்டு சந்தோசம். பின்ன என்ன தாயி, எங்க குடும்பத்துல கேசு இருக்கு, வக்கீலு இல்ல. என் மேல மட்டும் நாலு கேசு. எல்லாம் சின்னச் சின்ன அடிதடி. நம்ம வீட்டுக்குள்ளயே ஒரு கறுப்பு கோட்டு இருந்தா எவன் நம்மள அசைப்பான்? "சரியா வருமா வராதான்னு என்ன கேள்வி? நாளைக்கே சேரு"ன்னேன்.

அவ அப்பிடி டக்குன்னு தலைய ஆட்டுற ஆளு இல்ல. அவங்க காலேஜு மேடம் ஒருத்தங்க சொன்னாங்களாம், "சினிமாவப் பாத்துட்டுச் சேராத. ஒரு மாசம் கோர்ட்டுல போயி உக்காந்து பாரு. வக்கீலு ஆபீஸ்ல கேசுக்கட்டுகளப் படி. அப்பவும் ஆசை இருந்தாச் சேரு"ன்னு. நல்ல யோசனைதான, சொல்லு? நாந்தான் ஏற்பாடு பண்ணேன். என் வக்கீலு தேவசகாயம் சார்கிட்ட கூட்டிட்டுப் போயி, "சார், எந்தங்கச்சி, லீவு விட்டிருக்கு, ஒரு மாசம் இங்க இருக்கட்டும்"னு சொல்லி விட்டுட்டு வந்தேன். தினம் காலையில நாந்தான் பைக்குல கொண்டு போயி விடுவேன், சாயந்தரம் நாந்தான் கூட்டியாருவேன். ஒரு நாளு பஸ் ஸ்டாண்டுல ஒரு பய அவளையே பாத்துக்கிட்டு இருந்தான். எறங்கிப் போயி அவன் வெரலப் புடிச்சுப் பின்னால வளைச்சேன். சத்தம் கேட்டுச்சு. அதுலருந்து இவ பைக்குல என் பின்னால உக்காந்தா பேசவே மாட்டா. வெக்கம்.

மொத வாரம் நல்லாத்தான் இருந்தா. "இன்னைக்கு ஜட்ஜய்யா இப்பிடிக் கேட்டாரு, வக்கீலு அப்பிடிச் சொன்னாரு"ன்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருப்பா. ரெண்டாவது வாரத்துலருந்து பேச்சு கொறஞ்சு போச்சு. மூணாவது வாரம் ஒரு நாளு வீட்டுக்கு வந்தா, நேரா அடுப்படிக்குப் போனா, எங்கம்மா வலது கையப் புடிச்சுப் பாத்துக்கிட்டே நின்னா. எங்கம்மாவுக்கு அந்தக் கையில ரெண்டு வெரலு மடங்காது. எட்டு வருசமா அப்பிடித்தான் இருக்கு. அன்னைக்கு என்ன புதுசா இருக்குன்னு எனக்குப் புரியல.

அந்த வெரலு எப்பிடிப் போச்சுன்னா, எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு தாயி. உங்களுக்குப் பாடத்துல இதெல்லாம் வருமோ என்னமோ. ஒரு சண்டைன்னா அடி வாங்குனவன் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிப் படுக்கக் கூடாது, அடிச்சவனும் போயிப் படுக்கணும். ஒரு பக்கம் மட்டும் படுத்தா ஒரு கேசு. ரெண்டு பக்கமும் படுத்தா ரெண்டு கேசு. ரெண்டு கேசுன்னா கடைசியில ரெண்டு பேரும் உக்காந்து ராஜி பேசிருவாய்ங்க. அதுக்கு நம்ம பக்கமும் ஒரு காயம் வேணும்ல? இல்லன்னா உண்டாக்கிக்கிரணும். எட்டு வருசத்துக்கு முன்னாடி எங்க பங்காளி கருத்தபாண்டி, பக்கத்து வீடு, அவன் மண்டைய நான் ஒடச்சுட்டேன். என் மேல ஒரு கீறலு கூட இல்ல. அவன் என்னைய அடிச்சாத்தான காயம் வரும், அவனுக்கு அடிக்கத் தெரியாது. அப்ப என்ன செய்ய? அம்மா கைய அம்மிக் கல்லு மேல வச்சு ஒரு தட்டு தட்டினேன். ஒரே தட்டு. அவய்ங்கதான் அடிச்சாய்ங்கன்னு சொல்லிப் படுக்க வச்சோம். கேசு ராஜி ஆயிருச்சு. வினோ அப்ப சின்னப்புள்ள, கருத்தபாண்டிதான் ஒடச்சான்னு நம்பிக்கிட்டு இருந்தா. நம்பிட்டுப் போகட்டுமேன்னு நாங்களும் விட்டுட்டோம்.

தேவசகாயம் சாரோட குமாஸ்தா ஒருத்தன் இருக்கான், வாய மூடத் தெரியாதவன். வினோ அந்தப் பழைய கேசுக்கட்டப் படிச்சுக்கிட்டு இருக்கையில, "உங்க அண்ணன் பெரிய ஆளும்மா, கேசுக்காக பெத்த தாயி கையவே ஒடச்சாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிருக்கான். பெருமையாத்தான் சொன்னானாம். நான் விசாரிச்சேன். விசாரிக்கும்போது அவனுக்கு ஒரு பல்லு போயிருச்சு.

அதுக்கப்புறமும் அவ ஆபீஸுக்குப் போனா, அதச் சொல்லணும். மாசத்தக் கொறையில்லாம முடிச்சா. கடைசி நாளு கூட்டியாரும்போது கேட்டேன், "என்ன, முடிவு பண்ணிட்டியா?"ன்னு. "பாதிண்ணே"ன்னா. "மீதி எப்ப?"ன்னேன். பைக்க விட்டு எறங்கி உள்ள போயிட்டா.

ஆடி மாசம்தான் சனியன் புடிச்சது. கருத்தபாண்டி புதுசா குளியலறை கட்டுனான். தண்ணி எல்லாம் எங்க வாசல்ல வந்து நிக்கிது. ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்றதுக்கு எனக்கு வாயி வரல. மத்தியானம், நல்ல வெயிலு, அவன் சாப்புட உக்காந்திருக்கான். கொத்தனாரு போட்டுட்டுப் போன இரும்புக் குழாயி கெடந்துச்சு, எடுத்துக்கிட்டு உள்ள போனேன். தட்டுல கை வச்சிருந்தான். அந்தக் கையிலயே போட்டேன். முழங்கைக்குக் கீழ ஒரு போடு, மேல ஒரு போடு. எலும்பு வெளிய தெரிஞ்சுச்சு, சோத்துல ரத்தம். அவன் பொண்டாட்டி என் கால்ல வந்து விழுந்தா. நான் அவளத் தொடல. பொம்பளைங்களத் தொட மாட்டேன் நான்.

வீட்டுக்கு வந்து மூஞ்சியக் கழுவிக்கிட்டு இருக்கேன், ஆட்டோ வந்து அவன ஏத்துறாய்ங்க. அப்பத்தான் எனக்கு ஒறைக்குது, அவன் மொதல்ல போயிப் படுத்துட்டான்னா நம்ம கத முடிஞ்சுச்சு. கொடுங்காயம், ஜாமீனு கெடைக்காது. நம்ம பக்கம் ஒரு காயம் வேணும், அதுவும் உடனே வேணும். அம்மாவுக்கு வயசாயிருச்சு, இன்னொரு அடி தாங்காது. எனக்கும் மனசாட்சி இருக்குல்ல? வினோ உள் ரூம்புல உக்காந்து லா காலேஜு விண்ணப்பத்த செல்லுல பாத்துக்கிட்டு இருந்தா. கடைசி தேதி நெருங்கிருச்சு, இன்னும் போடல. போயி நின்னேன். "வினோ, அண்ணனுக்காக ஒரு சின்னக் காயம்"னேன்.

நிமிந்து பாத்தா. "அம்மாகிட்டயும் இப்பிடித்தான் கேட்டியாண்ணே?"ன்னா.

"அம்மாகிட்ட நான் கேக்கவே இல்ல. உங்கிட்டதான் கேக்குறேன். படிச்சபுள்ளன்னு எம்புட்டு மரியாத குடுக்குறேன், பாத்துக்க"ன்னேன்.

"எனக்கு வேணாம்ணே"ன்னா.

அவ அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாது. ஆட்டோ தெருமுனையத் தாண்டிருச்சு, நேரம் போகுது. நான் என்ன ஆசப்பட்டா செய்யிறேன்? அருவா, கத்தின்னா டாக்டரு பாத்த உடனே கண்டுபுடிச்சிருவாரு, வெட்டுக்காயம் நேரா இருக்கும். கிழிஞ்ச மாதிரி இருக்கணும். கதவுக்கு முட்டுக் குடுக்குற செங்கத்துண்டு கெடந்துச்சு, எடுத்தேன். இடது கையில அவ சடையச் சுத்திப் புடிச்சுக்கிட்டு, நெத்தியில ஒரே அடிதான் அடிக்க நெனச்சேன். அவ தலையத் திருப்பிட்டா. புருவத்துக்கு மேல பட்டுச்சு, சரியா விழல. அதனால ரெண்டாவது அடிக்க வேண்டியதாப் போச்சு. ஆடாம நின்னிருந்தா ஒண்ணோட முடிஞ்சிருக்கும். தப்பு யாரு மேல, நீயே சொல்லு.

கத்தல தாயி அவ. ரத்தம் கண்ணுல எறங்குது, தாவணியால தொடச்சுக்கிட்டு செவுத்துக் கடியாரத்தப் பாத்தா. "மணி ரெண்டே கால்"னு அவளாச் சொல்லிக்கிட்டா. எனக்குத்தான் அழுக வந்துருச்சு. அவளத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். பைக்குல முன்னால உக்கார வச்சு, ஒரு கையால அவ நெத்தியில துணிய அமுக்கிக்கிட்டு, ஒரு கையால வண்டிய ஓட்டிக்கிட்டு, அழுதுக்கிட்டே போனேன். போற வழியெல்லாம் சொல்லிக் குடுத்தேன். "டாக்டரு நாலு கேப்பாரு. எங்க, எப்ப, எதால, யாரு. நாலையும் தெளிவாச் சொல்லணும். வாசல்ல, ரெண்டு மணிக்கு, கட்டையால, கருத்தபாண்டியும் அவன் மச்சினனும். எங்க சொல்லு"ன்னேன். அவ வாயே தொறக்கல. மயக்கமா இருக்கும்னு விட்டுட்டேன்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா என்னைய வெளிய நிக்கச் சொல்லிருச்சு. ஏழு தையலு. முக்கால் மணி நேரம் கழிச்சு உள்ள போனா, கட்டோட படுத்திருக்கா. "நாலும் சொன்னியா?"ன்னேன். "நாலும் சொன்னேண்ணே"ன்னா. எனக்குப் போன உசுரு வந்துச்சு. ஆஸ்பத்திரியில எழுதுற காயச்சீட்டு இருக்குல்ல, ஏ.ஆர். காப்பிம்பாய்ங்க, அத அங்க இங்க சொல்லி அப்பவே வாங்கிட்டேன். இங்கிலீஷுல கிறுக்கியிருந்துச்சு, எனக்கு எங்க படிக்கத் தெரியும்? எட்டாப்புதான். வக்கீலுகிட்ட காட்டிட்டுப் போயிருக்கணும். அவசரம். கருத்தபாண்டிக்கு முந்தி நம்ம புகாரு பதியணும்னு நேரா ஸ்டேஷனுக்குப் போயி, எஸ்.ஐ. மேசையில என் கையாலயே வச்சேன்.

அவரு படிச்சாரு. மறுபடியும் மொதல்லருந்து படிச்சாரு. "உக்காருய்யா"ன்னு நாற்காலியக் காட்டுனாரு. ஸ்டேஷன்ல எனக்கு யாரும் நாற்காலி குடுத்ததே இல்ல, பெருமையா உக்காந்தேன். அப்பறம் அவரு தமிழ்ல வாசிச்சுக் காட்டுனாரு. "வீட்டுக்குள்ள, உள் அறையில. மத்தியானம் ரெண்டே கால் மணிக்கு. செங்கல்லால. என் சொந்த அண்ணன்." நாலும் சொல்லிட்டா. நான் சொல்லிக் குடுத்த வரிசைய மாத்தல, உள்ள இருக்குறத மட்டும் மாத்திட்டா.

மாத்திட்டான்னு எப்பிடிச் சொல்றது, உண்மைதான். ஆனா உண்மையச் சொல்றதுக்கா நான் பெட்ரோலு போட்டு அவள அங்க கூட்டிட்டுப் போனேன்?

அன்னைக்கே உள்ள போயிட்டேன். கருத்தபாண்டி கேசு ஒண்ணு, இவ கேசு ஒண்ணு. தேவசகாயம் சாரு வந்து பாத்தாரு. "உங்க தங்கச்சி ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே லா காலேஜுக்கு அப்ளிகேசன் போட்டுருச்சுப்பா"ன்னாரு. மீதிப் பாதியும் முடிவாயிருச்சு போல. எனக்கு அழுகையா வந்துச்சு, கம்பியில தலைய முட்டிக்கிட்டேன். வார்டன் வந்து லத்தியால முதுகுல நாலு போட்டான். அவன் மொகத்த ஞாபகம் வச்சிருக்கேன்.

ஜாமீன் மனு வந்த அன்னைக்கு அவ கோர்ட்டுக்கு வந்தா. நெத்தியில தடம் செவந்து போயிக் கெடக்கு. நான் வேன்லருந்து எறங்கும்போது அவளையே பாத்தேன், இப்பிடி மொறச்சேன், அவ தலையக் குனியல. ஜட்ஜய்யா கேட்டாரு, "ஜாமீன் குடுக்க உங்களுக்கு ஆட்சேபணை இருக்காம்மா?"ன்னு. நானும் மனசுக்குள்ள, ரத்தம்தான, விட்டுக் குடுக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

"ஜாமீன் குடுங்கய்யா"ன்னா. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. அப்பறம் சொன்னா பாரு. "ஆனா தூரமா வையுங்க. எங்க ஊருக்குள்ள வரக் கூடாது, எங்கிட்டயோ எங்கம்மாகிட்டயோ வரக் கூடாது. எங்க அண்ணன் அடிச்சுட்டு அழுவாரு. அவரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாரு, அவரே மருந்து வாங்கிக் குடுப்பாரு. அப்ப எங்களுக்கு அவரப் பாத்தாப் பாவமா இருக்கும். எட்டு வருசமா எங்கம்மா அந்தப் பாவத்துலதான் பேசாம இருந்தாங்க. எனக்கும் இப்பப் பாவமாத்தான் இருக்கு. அதான்யா பயமா இருக்கு"ன்னா.

அவ்வளவுதான் பேசுனா. நான் எத்தன வக்கீலப் பாத்திருக்கேன், எத்தன வாய்தாவுக்கு நின்னிருக்கேன். அப்பிடி ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்ல. அந்தப் படிப்பு அவளுக்குச் சரியா வருமான்னு ஆறு மாசமா அவ யோசிச்சா, எனக்கு அந்த ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சு போச்சு. எந்தங்கச்சின்னு கத்தணும் போல இருந்துச்சு. அவ கழுத்தத் திருகணும் போலயும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு தாயி, பொய் சொல்லல.

ஜட்ஜய்யா அவ கேட்டபடியே உத்தரவு போட்டுட்டாரு, அதான் இப்ப தருமபுரியில கெடக்குறேன். தினம் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து. போட்டுட்டா அன்னைக்கு வேற வேலை இல்ல. அவ எங்கயோ லா காலேஜுல சேந்துட்டா. எந்த ஊருன்னு அம்மாவுக்குத் தெரியும், போன்ல கேட்டா அழுகுதே தவிர சொல்ல மாட்டேங்குது. தேவசகாயம் சாரு, "அதக் கேக்குறதா இருந்தா வேற வக்கீலப் பாத்துக்க"ன்னுட்டாரு. அதனால கையெழுத்தப் போட்டுட்டு ஒரு நாளைக்கு ஒரு ஊருன்னு போறேன். வேலூரு போனேன், விழுப்புரம் போனேன். கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்து, வர்ற போற புள்ளைகளப் பாத்துக்கிட்டு இருப்பேன். இன்னைக்குச் சேலம்.

எதுக்கா? சும்மா ஒரு தடவ பாக்கணும். பாத்து என்ன செய்வேன்னு கேட்டா, கால்ல விழுவனோ கன்னத்துல வைப்பனோ, சத்தியமா எனக்கே தெரியல. என் தங்கச்சி, நான் வளத்த புள்ள, எனக்குப் பாக்க உரிமை இல்லையா? நீ சொல்லு, உங்க கிளாசுல வினோதினின்னு யாராச்சும் இருக்காளா? புருவத்துக்கு மேல தையலு தடம் இருக்கும், நீ பாத்திருந்தா மறந்திருக்க மாட்ட. என்ன, தலைய ஆட்டுற? இல்லைங்கிறியா, தெரியாதுங்கிறியா? எதுக்கு என்னையப் பாக்காம வெளியவே பாக்குற?

புத்தகத்த ஏன் பைக்குள்ள வைக்கிற? எங்க எந்திரிக்கிற? உன் ஸ்டாப்பு காலேஜு ஸ்டாப்புதான, அது இன்னும் வரலையே. நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல. தெரிஞ்சதுனாலதான் இப்பிடி முழிக்கிற. அவ உங்க காலேஜுதான? உக்காரு தாயி. உக்காருன்னு சொல்றேன்ல!

எல்லாரும் எதுக்குத் திரும்பிப் பாக்குறீங்க? ஒண்ணுமில்ல கண்டக்டரே, எந்தங்கச்சி மாதிரிதான், பேசிக்கிட்டு வர்றோம். நீ எதுக்கும்மா அழுகுற? உன்னைய நான் என்ன பண்ணேன், ஒரு வார்த்த தப்பாப் பேசுனனா? வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்.

கையா? எந்தக் கை?

எப்பப் புடிச்சேன்னு தெரியலையேம்மா.